‘பிக் அப்’: எடுப்பதும் ஏற்றுவதும் பிடிப்பதும்

போன மாதம் மாலை வகுப்புக்கு வரும் ஒரு பெண் கைப்பேசியை என் முன்னால் நீட்டி, “சார், இதுல என்ன தப்பு?” என்று கேட்டாள். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவராக, இருக்கிறாள். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) இரவு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள்: “தி டிரைவர் வில் பிக் யூ அட் நைன்.” ஒன்பது மணிக்கு எங்கள் டிரைவர் வந்து உங்களை ஏற்றிக்கொள்வார் என்பதுதான் அவள் சொல்ல நினைத்தது. அந்தப் பையரும் மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்: “பிக் மீ அப், யூ மீன்?”

ஒரு ‘அப்’ விட்டுப்போனதற்கு இவர் ஏன் திருப்பிக் கேட்க வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவில்லை. கேள்வி நியாயமானது. ‘பிக்’ என்று மட்டும் சொன்னால் பறிப்பது அல்லது தேர்ந்தெடுப்பது. பூவைப் பறித்தால் ‘பிக்’. பத்துச் சட்டையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ‘பிக்’. கிரிக்கெட் அணிக்கு ஆள் எடுத்தாலும் ‘பிக்’. ஆக, அவள் அனுப்பிய செய்தியை அப்படியே படித்தால், டிரைவர் ஒன்பது மணிக்கு அவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார் என்று ஆகிவிடும். வண்டியில் ஏற்றும் வேலையைச் செய்வது அந்த ‘அப்’தான்.

இப்படி ஒரு வினைச்சொல்லும் ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருளைத் தருவதைத்தான் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிறார்கள். தமிழில் கூட்டுவினை என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தச் சின்னச் சொல் பெரும்பாலும் திசையைக் காட்டுவதாக இருக்கும்: அப், டவுன், இன், அவுட், ஆஃப், ஆன். படிப்பவர்களை இது படுத்தும் பாடு இன்று நேற்று வந்ததல்ல. 1755இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் அதன் முன்னுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். வினையின் பின்னால் ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடுவதுதான் அயல்நாட்டவருக்குப் பெருந்துன்பம் தருகிறது என்று எழுதி, தன்னால் முடிந்தவரை அவற்றைச் சேர்த்துக் கொடுத்தார். ஆங்கில அகராதி எழுதியவரே ஒப்புக்கொண்ட துன்பம் இது. அதனால் வகுப்பில் யாராவது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் இதைச் சொல்லிவிடுவேன்.

இன்னொன்றையும் சொல்வேன். இந்த வித்தை நமக்குப் புதிதே இல்லை. ‘காட்டு’ என்றால் என்னவென்று தெரியும், ‘கொடு’ என்றால் என்னவென்றும் தெரியும். ‘காட்டிக்கொடு’ என்றால் துரோகம் செய்வது. அந்தத் துரோகம் காட்டு என்பதிலும் இல்லை, கொடு என்பதிலும் இல்லை. ‘கண்டுகொள்ளவே மாட்டேங்கறான்’ என்கிறோம். அங்கே கொள்வதற்கு என்ன இருக்கிறது? ‘தள்ளிப்போடு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தள்ளிப்போடும்போது எதையும் நாம் தள்ளுவதில்லை, எதையும் போடுவதுமில்லை. தமிழ் கற்க வரும் வெளிநாட்டுக்காரர் இந்த இடத்தில்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். நாம் யோசிக்காமலே தினமும் நூறு தடவை சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘பிக் அப்’ என்பதையும் அப்படியே பழக்கிவிடலாம். ஆனால் அகராதியில் உள்ள பொருள்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு மனப்பாடம் செய்வது அதற்கு வழியல்ல. அதன் அடியில் இருக்கும் ஒரு படத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

படம் எளியது. கீழே ஒரு பொருள் கிடக்கிறது. நீங்கள் குனிந்து, கையால் எடுத்து, மேலே கொண்டுவருகிறீர்கள். இப்போது அது உங்கள் கையில் இருக்கிறது. கிடந்தது, எழும்பியது, கைக்கு வந்தது என்று இதில் மூன்று அசைவுகள். ‘பிக் அப்’ எங்கே வந்தாலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று அதற்குள் இருக்கும்.

முதல் வகை கண்ணால் பார்க்கக்கூடியது. சாவி கீழே விழுந்துவிட்டது, எடுத்துக் கொடுங்கள் என்றால் “பிக் அப் தி கீஸ், ப்ளீஸ்.” குழந்தை அழுகிறது, தூக்கிக்கொள் என்றால் “பிக் ஹிம் அப்.” அரிசி மூட்டையைத் தூக்குவதற்கு ‘லிஃப்ட்’ என்பதுதான் பொருத்தம், பளுவைச் சொல்லும் சொல் அது. ‘பிக் அப்’ என்பதில் பளுவைவிட, கிடந்ததை எடுக்கிறோம் என்பதே முக்கியம். பிள்ளைகள் விளையாடிவிட்டு வீடெல்லாம் இறைத்துவிட்டுப் போகிறார்கள், அம்மா பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். அந்த ஓயாத வேலைக்கு ஆங்கிலத்தில் ‘பிக் அப் ஆஃப்டர் தெம்’ என்று பெயர்.

போனுக்கும் இதே படம்தான். பழைய தொலைபேசியில் ரிசீவர் அதன் மேடையில் படுத்திருக்கும். மணி அடித்தால் அதைக் கையால் எடுக்க வேண்டும். அதனால் “பிக் அப் தி போன்.” நாமும் ‘போனை எடு’ என்றுதான் சொன்னோம். இப்போது யாரும் எதையும் எடுப்பதில்லை, கண்ணாடித் திரையில் விரலால் தேய்க்கிறோம். இருந்தும் இரண்டு மொழியும் பழைய கையசைவை விடவில்லை. அவர் எடுக்கவில்லை என்றால் “ஹி இஸ் நாட் பிக்கிங் அப்.” இதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது, போன் என்ற சொல்கூடத் தேவையில்லை. நம் ஊரில் “ஹி இஸ் நாட் பிக்கிங் மை கால்” என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தியா முழுக்க இது புரியும். லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவரிடம் பேசும்போது ‘அப்’பைச் சேர்த்துச் சொல்லுங்கள், அல்லது “ஆன்சரிங் மை கால்” என்று சொல்லுங்கள். திருப்பூர்ப் பெண் விழுந்த குழியும் இதேதான். நம்மவர்கள் ‘பிக் அப்’ விஷயத்தில் செய்யும் பிழைகளில் பாதி இந்த ‘அப்’பைத் தொலைப்பதுதான்.

அடுத்து, ஆட்களை ஏற்றிக்கொள்வது, கூட்டிவருவது. ஸ்டேஷனில் நிற்கும் அப்பாவை வண்டியில் ஏற்றி வருவதும், பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டி வருவதும் ‘பிக் அப்’. இறக்கிவிடுவது ‘டிராப் ஆஃப்’. ‘பிக்கப், டிராப்’ என்று நாமே இரண்டையும் தமிழாக்கிக்கொண்டுவிட்டோம். பொருள்களும் இதில் சேரும். தைக்கக் கொடுத்த பிளவுஸை வாங்கி வருவது, பார்சல் அலுவலகத்தில் வந்து கிடப்பதை எடுத்து வருவது, இரண்டுக்கும் இதே சொல்தான். உங்களுக்காக ஒன்று எங்கோ காத்துக்கிடக்கிறது, நீங்கள் போய்க் கைப்பற்றி வருகிறீர்கள். “வரும்போது பால் வாங்கிட்டு வா” என்பதற்கு “பிக் அப் சம் மில்க் ஆன் தி வே ஹோம்” என்பதைவிட இயல்பான ஆங்கிலம் கிடையாது. வாங்குவதற்கு உரிய ‘பை’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சொன்னாலும் தப்பில்லை. ஆனால் ‘பிக் அப்’ என்னும்போது, அது போகிற போக்கில் முடித்துவிடும் சின்ன வேலை என்பதும் சேர்ந்து வந்துவிடுகிறது. நிலம் வாங்குகிறவர் ‘பை’ என்பார். மல்லிகைப்பூ வாங்கி வருகிறவர் ‘பிக் அப்’ என்பார்.

போலீஸ் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனாலும் ஆங்கிலத்தில் “தி போலீஸ் பிக்ட் ஹிம் அப்.” நம்மூர் டீக்கடையில் அதே செய்தி எப்படி வரும்? “அவனைப் போலீஸ் தூக்கிருச்சாம்.” இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே ஒரே படத்தை எடுத்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அந்தச் சலசலப்புக்குப் பிறகு யாரும் இந்தப் பொருளை மறப்பதில்லை.

ஆட்களைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து, காதல் நோக்கத்தோடு தன்னோடு அழைத்துப் போவதற்கும் ‘பிக் அப்’ என்றே சொல்வார்கள். “ஐ பிக்ட் அப் மை சிஸ்டர் ஃப்ரம் தி ஸ்டேஷன்” என்றால் எந்தக் குழப்பமும் இல்லை. தெரியாத பெண் ஒருத்திக்கு மழையில் உதவி செய்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டேன் என்று சொல்ல வேண்டுமென்றால் “ஐ கேவ் ஹெர் எ லிஃப்ட்” என்று சொல்லிவிடுங்கள். ‘ஐ பிக்ட் அப் எ வுமன்’ என்றால் நீங்கள் செய்த நல்ல காரியம் வேறு மாதிரிக் காதில் விழும்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பொருள்: தானாக ஒட்டிக்கொள்வது. எங்கள் தெரு மளிகைக் கடையில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் வேலை பார்க்கிறான். வந்தபோது ‘அண்ணா’ என்ற ஒரு சொல் மட்டும்தான் தெரியும். இப்போது “அக்கா, கால் கிலோவா அரைக் கிலோவா? சில்லறையா குடுங்க” என்று கொங்கு இழுவையோடு கேட்கிறான். யாரும் அவனுக்கு அ, ஆ சொல்லித் தரவில்லை. பொட்டலம் கட்டிக்கொண்டே, காதில் விழுந்ததை எல்லாம் பொறுக்கி எடுத்துச் சேர்த்துக்கொண்டான். அவன் தமிழ் ‘லேர்ன்’ பண்ணினான் என்று சொன்னால் அந்தப் படம் வராது. “ஹி பிக்ட் அப் தமிழ் அட் தி ஷாப்” என்று சொன்னால் கடை, பொட்டலம், கேட்டுக் கேட்டுப் பழகிய நாட்கள் எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. புத்தகம் வைத்து, ஆசிரியரிடம் உட்கார்ந்து கற்றது ‘லேர்ன்’, ‘ஸ்டடி’. புழங்கிப் புழங்கி வந்தது ‘பிக் அப்’. வேலைக்கான நேர்காணலில் “எக்ஸெல் எங்கே கற்றீர்கள்?” என்று கேட்டால் “ஐ பிக்ட் இட் அப் அட் வொர்க்” என்று தயங்காமல் சொல்லலாம். வேலை செய்துகொண்டே பழகிவிட்டேன் என்று பொருள். கேட்பவருக்கு அது நல்லபடியாகவே படும்.

கெட்ட பழக்கமும் இப்படித்தான் ஒட்டுகிறது. “வேர் டிட் யூ பிக் அப் தட் ஹேபிட்?” என்றால் இதை எங்கிருந்துடா பிடித்தாய் என்று கேட்பது. சளியும் அப்படியே. “ஐ பிக்ட் அப் எ கோல்ட் ஆன் தி டிரெயின்.” இங்கே நம் மொழி ‘எடு’வை விட்டுவிட்டுப் ‘பிடி’க்கு மாறிக்கொள்கிறது. சளி பிடித்தது என்கிறோம், காய்ச்சல் பிடித்தது என்கிறோம். ரேடியோவில் இலங்கை ஸ்டேஷன் பிடிக்கிறது என்று சொன்ன காலம் பலருக்கு நினைவிருக்கும். ஆங்கிலத்தில் அதுவும் ‘பிக் அப்’தான். காற்றில் மிதக்கும் அலையைக் கருவி எடுத்துக்கொள்கிறது. கிதாரில் கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக மாற்றும் பாகத்துக்கும் இதனால்தான் பிக்கப் என்று பெயர்.

கருவி போலவே மனிதரும் அலைகளைப் பிடிப்பதுண்டு. வீட்டுக்குள் நுழைந்ததும், ஒரு வார்த்தை பேசுமுன்னே, ஏதோ சண்டை நடந்திருக்கிறது என்று உணர்ந்துகொள்கிறீர்கள். “ஐ பிக்ட் அப் ஆன் இட்.” கூட ஒரு ‘ஆன்’ சேர்ந்திருப்பதைப் பாருங்கள். வெளியே சொல்லாததை மோப்பம் பிடித்துவிடுவது இது. நடுவில் இருக்கும் ‘அப்’பை எடுத்துவிட்டு ‘பிக் ஆன்’ என்றால் கதை முற்றிலும் வேறு. ஒருவரையே குறிவைத்துச் சீண்டிக்கொண்டிருப்பது. பள்ளியில் பிள்ளையைச் சக மாணவர்கள் சீண்டுவதைப் பற்றி ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் எழுதும் பெற்றோர் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இனி எழும்பும் அசைவு. இங்கே யாரும் எதையும் எடுப்பதில்லை. மந்தமாகக் கிடந்தது தானே எழுகிறது. “பிசினஸ் இஸ் பிக்கிங் அப்” என்றால் வியாபாரம் சூடு பிடிக்கிறது. “தி பஸ் பிக்ட் அப் ஸ்பீட்” என்றால் பஸ் வேகம் எடுத்தது, தமிழிலும் ‘எடுத்தது’தான். “தி விண்ட் பிக்ட் அப்” என்றால் காற்று வலுத்தது. முன்பு கீழே கிடந்தது என்ற நினைப்பு இதில் உண்டு. ஆர்டர் இல்லாமல் இரண்டு மாதம் ஈயடித்த கம்பெனிக்கு ஆர்டர் வரத் தொடங்கினால் ‘பிக்கிங் அப்’. ஏற்கெனவே நிரம்பி வழியும் இடத்தில் இன்னும் கூடினால் ‘இன்கிரீஸ்’ என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பொருள் தமிழுக்குள் வந்து தனிக்குடித்தனமே நடத்துகிறது. படம் முதல் இரண்டு நாள் படுத்துவிட்டு வாய்வழிப் பேச்சால் கூட்டம் கூடினால் ‘படம் பிக்கப் ஆயிடுச்சு’. பைக்கைத் திருகினால் இழுக்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் ‘பிக்கப் இல்லண்ணே’ என்கிறோம். அமெரிக்காவிலும் காரைப் பற்றி இப்படிப் பேசுவதுண்டு. மற்ற இடங்களில் ‘ஆக்சிலரேஷன்’ என்றால் எல்லோருக்கும் புரியும். பின்னால் திறந்த தொட்டியோடு காய்கறி மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றி வரும் பிக்கப் வண்டியும் இதே குடும்பம்தான். ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரை 1925இல் தொழிற்சாலையிலேயே அப்படித் தொட்டி வைத்து ‘பிக்கப் பாடி’ என்ற பெயரில் விற்றது.

எழும்புவதில் மனிதரும் உண்டு. விழுந்தவர் தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொள்வது ‘பிக் யுவர்செல்ஃப் அப்’. களைப்பாக இருக்கும்போது குடிக்கும் சூடான காபி ‘எ பிக் மீ அப்’. இத்தாலியர்களின் இனிப்பு டிராமிசு தெரியுமல்லவா, அந்தப் பெயருக்கும் அவர்கள் மொழியில் ‘என்னைத் தூக்கிவிடு’ என்றுதான் பொருள். அதிலும் காபி இருக்கிறது!

மிச்சம் இரண்டு உண்டு. ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் மேசைமேல் பில் வந்து கிடக்கிறது. நாலு பேரில் ஒருவர் முந்திக்கொண்டு அதை எடுத்துக் கல்லாவுக்குப் போகிறார். “ஹி பிக்ட் அப் தி பில்.” பில்லை எடுத்தார் என்பதே பணம் கட்டினார் என்று ஆகிவிட்டது. இன்னொன்று, பாதியில் நின்ற பேச்சையோ பாடத்தையோ விட்ட இடத்திலிருந்து எடுத்துத் தொடர்வது: “லெட்ஸ் பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்.” கீழே வைத்த பின்னல் ஊசியை மறுபடி கையில் எடுப்பது போல.

பொருள் பிடிபட்டபின் சொற்களை அடுக்கும் முறை. ‘பிக் அப் தி பேக்’, ‘பிக் தி பேக் அப்’, இரண்டும் சரி. ஆனால் பெயரை விட்டு அது, அவன், அவர்கள் என்று சுட்டத் தொடங்கினால் ஒரே வழிதான்: ‘பிக் இட் அப்’, ‘பிக் ஹிம் அப்’, ‘பிக் தெம் அப்’. ‘பிக் அப் இட்’ என்று ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் யாரும் சொல்லமாட்டார். ஏன் என்று கேட்பீர்கள். ‘இட்’ என்பது ஏற்கெனவே பேசிய பொருள். புதிதாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. வாக்கியத்தின் அழுத்தம் கடைசியில் விழ வேண்டும், அந்த இடத்தை ‘அப்’ எடுத்துக்கொள்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘அப்’பில் குரல் கொஞ்சம் எழும்பும். இதற்கு எதிர்ப்பக்கம், பெயர் நீளமாக இருந்தால் நடுவில் திணிக்காதீர்கள். ‘நேற்று கொரியரில் வந்த அந்தப் பெரிய பார்சல்’ முழுவதையும் பிக்குக்கும் அப்புக்கும் நடுவில் வைத்தால் கேட்பவர் ‘அப்’ வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

உச்சரிப்பு நமக்குக் கைவந்த கலை. ‘பிக்’, ‘அப்’ என்று வெட்டி வெட்டிச் சொல்லாமல் ‘பிக்கப்’ என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பள்ளியில் நன்னூல் விதி படித்திருப்பீர்கள்: தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். கண் கூட இல் சேர்ந்தால் கண்ணில் ஆவது போல, பிக் கூட அப் சேர்ந்தால் பிக்கப். ஆங்கிலேயர் வாயில் அந்தக் ககரம் நம்முடையதைப் போல அழுந்தி இரட்டிப்பதில்லை, ஆனால் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு வருவது ஒன்றுதான். ‘பிக்ட் அப்’ என்பது ‘பிக்டப்’ ஆகும். ‘பிக் இட் அப்’ என்பது ‘பிக்கிட்டப்’ ஆகும்; அமெரிக்கர் வாயில் ‘பிக்கிடப்’. ஆங்கிலப் படத்தில் இது காதில் விழுந்து ஏதோ புதுச்சொல் என்று மலைத்தவர்கள் என் வகுப்பிலேயே பலர். எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். செய்யும் செயலாக வந்தால் இரண்டு சொல்லாகப் பிரித்து எழுத வேண்டும். வண்டியையோ, வந்து ஏற்றிச் செல்லும் ஏற்பாட்டையோ குறிக்கும் பெயராக வந்தால் ஒரே சொல், அழுத்தமும் ‘பிக்’கின் மேல் போய்விடும். பிரிட்டனில் அந்தப் பெயர்ச்சொல்லின் நடுவே சிறுகோடு போடுவதும் உண்டு.

அந்தப் பெண் அன்றைக்கு வகுப்பிலேயே அடுத்த நாளுக்கான செய்தியைத் தட்டினாள். டிரைவர் ஒன்பது மணிக்கு வந்து ஏற்றிக்கொள்வார், வழியில் சாம்பிள்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டும். “தி டிரைவர் வில் பிக் யூ அப் அட் நைன். தி சாம்பிள்ஸ் ஆர் ரெடி. வி கேன்...” என்று தட்டிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, “பிக் தெம் அப் ஆன் தி வே” என்று முடித்து அனுப்பினாள்.